ஹாரிங்கே கவுன்சில்: "நல்லது"ன்னு மார்க் வாங்கின வருஷம்

2007 கடைசில லண்டன் ஹாரிங்கே கவுன்சிலோட குழந்தைகள் சேவைத் துறைக்கு ஆஃப்ஸ்டெட்ங்கற அரசு ஆய்வு அமைப்பு மார்க் போட்டுச்சு. நாலுக்கு மூணு. அவங்க கணக்குல மூணுன்னா "நல்லது", நாலுதான் உச்சம். அந்த மார்க் வர்றதுக்கு சில மாசம் முன்னாடி, ஆகஸ்ட் 3ஆம் தேதி, அதே கவுன்சிலோட பாதுகாப்புப் பட்டியல்ல பேர் இருந்த 17 மாசப் பையன் ஒருத்தன் டாட்டன்ஹாம்ல அவன் தொட்டில்லயே இறந்து கிடந்தான். உடம்புல 50க்கு மேல காயம். எட்டு மாசத்துல டாக்டர், நர்ஸ், போலீஸ், சோஷியல் ஒர்க்கர்னு எல்லாருமா சேர்ந்து 60 தடவை அவனைப் பாத்திருக்காங்க.

இந்த ரெண்டும் ஒரே வருஷத்துல ஒரே ஆபீஸ்ல எப்படி நடக்கும்? அந்தப் பையனோட கேஸ்தான், "பேபி பி" கேஸ்னு சொன்னா பிரிட்டன்ல இருக்கவங்களுக்கு உடனே ஞாபகம் வரும். ஆனா பெரும்பாலும் பேசினது அந்த வீட்டுக்குள்ள இருந்த கொடூரத்தைப் பத்தி, இல்லன்னா அந்தத் துறையோட டைரக்டரம்மாவை வேலையை விட்டுத் தூக்கினதைப் பத்தி. கவுன்சில் தன்னோட துறையை எப்படி கண்காணிச்சுச்சுங்கற சங்கதி ஓரமாப் போயிருச்சு. என் கருத்து இதுதான்: பள்ளிக்கூடத்தை அளக்கற அதே அளவுகோலை எடுத்துட்டுப் போய் வீட்டுக்குள்ள இருக்க குழந்தையையும் அளந்தாங்க, அது அளக்கல.

முதல்ல ஊரைப் பத்தி ரெண்டு வரி. ஹாரிங்கே வடக்கு லண்டன்ல ஒரு பரோ, அதாவது தனிக் கவுன்சில் உள்ள ஒரு பகுதி, 1965ல உருவானது. ஆர்ச்வே ரோட்ல இருக்க ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போனவங்க அந்த பரோவுக்குள்ள கால் வெச்சவங்கதான். மேற்குப் பக்கம் ஹைகேட், மஸ்வெல் ஹில்னு காசு இருக்கறவங்க ஏரியா, கிழக்குப் பக்கம் டாட்டன்ஹாம், அங்க வறுமை ஜாஸ்தி, நடுவுல ரயில் பாதை. ஒரே கவுன்சில், ஒரே ஸ்கூல் ரிசல்ட் அட்டவணை, ஆனா ரெண்டு ஊர்.

நம்ம ஊர்ல கவுன்சிலர்னா ரோடு, குப்பை, தெருவிளக்கு. இங்கிலாந்துல அப்படி இல்ல, பள்ளிக்கூட நிர்வாகமும் ஆபத்துல இருக்க குழந்தையைக் காப்பாத்தறதும் கவுன்சிலோட சட்டக் கடமை. 2000ல வந்த உள்ளாட்சிச் சட்டத்துக்கு அப்புறம் பெரும்பாலான கவுன்சில்ல லீடர், ஒரு சின்ன கேபினட், மீதி கவுன்சிலர்களுக்கு ஸ்க்ரூட்டினி கமிட்டின்னு அமைப்பு வந்துச்சு. கேபினட் முடிவு எடுக்கும், ஸ்க்ரூட்டினி கேள்வி கேக்கும். கல்வி பத்தின ஸ்க்ரூட்டினில கவுன்சிலர் மட்டும் இல்ல, சர்ச் பிரதிநிதியும் பெற்றோர் சார்பா தேர்ந்தெடுத்தவங்களும் உட்காருவாங்க, அவங்களுக்கு ஓட்டும் உண்டு. பள்ளிக்கூடம் சரியில்லன்னா கேள்வி கேக்க அப்பா அம்மா சார்புல ஒரு ஆள் அந்த ரூம்லயே இருக்காங்க. அடி வாங்கற குழந்தை சார்புல யார் உட்காருவா? யாரும் இல்ல. அந்தக் குழந்தையோட அப்பா அம்மாதான் பல நேரம் பிரச்சனையே.

இப்ப 2007ஐ விட்டுட்டு ஏழு வருஷம் பின்னாடி போகணும், ஏன்னா ஹாரிங்கேக்கு இது ரெண்டாவது தடவை.

விக்டோரியா க்ளிம்பி, ஐவரி கோஸ்ட்ல பிறந்த பொண்ணு. நல்லா படிக்க வைக்கறேன்னு சொல்லி பாட்டி முறை சொந்தக்காரி ஒருத்தி கூட்டிட்டு வந்தா, முதல்ல பிரான்ஸ், அப்புறம் 1999 ஏப்ரல்ல லண்டன். வேற ஒரு குழந்தையோட பாஸ்போர்ட்ல கூட்டிட்டு வந்ததால அதிகாரிகள் எல்லாருக்கும் அந்தப் பொண்ணு பேரு "அன்னா". 2000 பிப்ரவரி 25 அன்னிக்கு ஆஸ்பத்திரில இறந்தப்ப வயசு எட்டு, உடம்புல 128 காயம். நாலு கவுன்சிலோட சமூக சேவைத் துறை, ரெண்டு ஆஸ்பத்திரி, போலீஸோட ரெண்டு குழந்தைப் பாதுகாப்பு டீம், எல்லார் கைக்கும் வந்து போன குழந்தை. ஒரு ஆஸ்பத்திரில காயத்தைப் பாத்துட்டு சொறிசிரங்குன்னு சொல்லிட்டாங்க. அந்த சிரங்கு ஒட்டிக்குமோன்னு பயந்து சோஷியல் ஒர்க்கரும் போலீஸும் வீட்டுக்கே போகாம இருந்த கட்டமும் உண்டு. ஹாரிங்கே ஆபீஸ்ல அந்தப் பொண்ணோட ஃபைலை முடிச்சு மூடின தேதி என்ன தெரியுமா, 2000 பிப்ரவரி 25. அவ செத்த அதே நாள்.

படிக்க வைக்கறேன்னு கூட்டிட்டு வந்த பொண்ணு இங்கிலாந்துல ஒரு நாள் கூட பள்ளிக்கூடம் போகல. ஹாரிங்கே அந்த சமயத்துல தன்னோட பள்ளிக்கூட ரிசல்ட் பத்தி தலையைப் பிச்சிட்டு இருந்துச்சு, ஆஃப்ஸ்டெட் கிட்ட கெட்ட பேர் வாங்கி, 2001ல கல்வி நிர்வாகத்துக்கு கேபிட்டாங்கற தனியார் கம்பெனியை பார்ட்னரா கொண்டுவர்ற அளவுக்குப் போச்சு. ஆனா பள்ளிக்கூட ரிசல்ட் அட்டவணைல பள்ளிக்கூடத்துல சேராத குழந்தைக்கு வரியே கிடையாதே.

லார்டு லேமிங் தலைமையில விசாரணை நடந்து 2003 ஜனவரில அறிக்கை வந்துச்சு. 108 பரிந்துரை. குறுக்க புகுந்து காப்பாத்தியிருக்க முடிஞ்ச தருணம் குறைஞ்சது 12னு கணக்கு காட்டினாரு. அதைவிட எனக்கு முக்கியமா பட்டது, மேல உட்கார்ந்திருந்தவங்களை அவர் திட்டின விதம். எங்க வேலை கொள்கை, திட்டம்தான், கீழ தினமும் என்ன நடக்குதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்னு சாக்கு சொன்ன பெரிய அதிகாரிகளை அவர் சும்மா விடல.

இதுக்கு அரசாங்கம் கண்டுபிடிச்ச மருந்து என்னன்னா, கல்வித் துறை ஒரு பக்கம், குழந்தைப் பாதுகாப்பு ஒரு பக்கம்னு பிரிஞ்சு கிடக்கறதாலதான் தகவல் போய்ச் சேரல, ரெண்டையும் சேர்த்துடுவோம். 2003 செப்டம்பர்ல கொள்கை அறிக்கை, 2004ல குழந்தைகள் சட்டம். ஒவ்வொரு கவுன்சிலும் ரெண்டு துறைக்கும் சேர்த்து ஒரே டைரக்டரை வெக்கணும், கவுன்சிலர்கள்ல ஒருத்தர் அரசியல் பொறுப்பு ஏத்துக்கணும், போலீஸ் ஆஸ்பத்திரி எல்லாத்தையும் சேர்த்து உள்ளூர்ல ஒரு குழந்தைப் பாதுகாப்பு வாரியம் இருக்கணும். நாட்டுல இருக்க எல்லாக் குழந்தை பேரையும் போட்டு கான்டாக்ட்பாயிண்ட்னு ஒரு டேட்டாபேஸ் கூட கட்டினாங்க, 22.4 கோடி பவுண்ட் செலவு, 2010 ஆகஸ்ட்ல அடுத்த அரசாங்கம் வந்து இழுத்து மூடிட்டாங்க. அது தனிக் கதை.

யோசனை தப்புன்னு சொல்ல மாட்டேன். காயத்தை முதல்ல பாக்கறது டீச்சர்தான், அதனால பள்ளிக்கூடமும் பாதுகாப்பும் ஒரே கூரைக்குக் கீழ வரணும்ங்கறது நியாயமாத்தான் தோணுது. ஆனா நடைமுறைல என்ன ஆச்சுன்னா கல்விதான் பெரிய துறை, பணமும் ஆளும் அங்கதான், அதனால டைரக்டரா வந்தவங்க பெரும்பாலும் கல்விப் பக்கத்து ஆளுங்க. ஹாரிங்கேல 2005ல அந்த நாற்காலிக்கு வந்தது ஷேரன் ஷூஸ்மித். டீச்சரா இருந்து ஸ்கூல் இன்ஸ்பெக்டர் ஆனவங்க. பள்ளிக்கூடங்களை தூக்கி நிறுத்தத் தெரிஞ்சவங்க, நிறுத்தவும் செஞ்சாங்க, அவங்க காலத்துல ஹாரிங்கே ரிசல்ட் ஏறுச்சு, அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. குழந்தைப் பாதுகாப்பு அவங்க வளர்ந்த தொழில் இல்ல. அது அவங்க தப்பும் இல்ல, அந்த நாற்காலியை அப்படித்தான் செஞ்சிருந்தாங்க.

சரி, யார் யாரு கண்காணிச்சிருக்கணும்?

ஆஃப்ஸ்டெட். 2007 ஏப்ரல் வரைக்கும் அது முக்கியமா பள்ளிக்கூடங்களை ஆய்வு பண்ற அமைப்பு, அந்த மாசம்தான் குழந்தைகள் சமூக சேவையையும் ஆய்வு பண்ற பொறுப்பு அதுக்கு வந்துச்சு. வருஷா வருஷம் கவுன்சிலுக்கு மார்க் போடறது எப்படின்னா, கவுன்சில் தானே எழுதின சுய மதிப்பீடு, கவுன்சில் அனுப்பற புள்ளிவிவரம், மத்த ஆய்வுல கிடைச்ச தகவல், இதை மேஜைல வெச்சுப் படிச்சு கிரேடு. எத்தனை முதல் கட்ட மதிப்பீடு 7 வேலை நாளுக்குள்ள முடிஞ்சது, எத்தனை முழு மதிப்பீடு 35 நாளுக்குள்ள முடிஞ்சது, எத்தனை மறுஆய்வுக் கூட்டம் தேதி தவறாம நடந்துச்சு. பள்ளிக்கூடத்துக்கு இந்த முறை ஓரளவு சரிவரும். பரிட்சை பேப்பரை வெளி ஆள் திருத்தறான், பிள்ளை ஃபெயில்னா ஃபெயில். ஆனா ஒரு சோஷியல் ஒர்க்கர் 35 நாளுக்குள்ள ஃபாரத்தை முடிச்சாங்கன்னா ஃபாரம் முடிஞ்சதுன்னு தெரியும், குழந்தை முகத்துல அப்பியிருந்த சாக்லேட்டைத் துடைச்சுப் பாத்தாங்களான்னு தெரியாது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லல. 2007 ஜூலை 30ஆம் தேதி வீட்டுக்குப் போன சோஷியல் ஒர்க்கர் கண்ணுல காயம் படக் கூடாதுன்னு பையன் முகத்துல சாக்லேட்டை அப்பி வெச்சிருந்தாங்க.

ஷூஸ்மித் ஆபீஸ் டேட்டா எங்களை தப்பா வழிநடத்திருச்சுன்னு அப்போதைய ஆஃப்ஸ்டெட் தலைவர் கிறிஸ்டீன் கில்பர்ட் பிறகு பார்லிமென்ட் கமிட்டில சொன்னாங்க. பரிட்சை எழுதறவன்கிட்டயே மார்க் ஷீட்டையும் கொடுத்து நிரப்பச் சொல்லிட்டு, அவன் ஏமாத்திட்டான்னு சொன்னா என்ன பண்றது.

அடுத்து, உள்ளூர் பாதுகாப்பு வாரியம். இது ரொம்ப முக்கியமான இடம். போலீஸ், ஆஸ்பத்திரி, கவுன்சில் எல்லாரையும் தட்டிக் கேக்க வேண்டிய வாரியம். பீட்டர் இறந்தப்புறம் (பையன் பேரு பீட்டர், ரொம்ப நாள் கழிச்சுத்தான் பேரை வெளியிட்டாங்க) எங்க தப்பு நடந்துச்சுன்னு ஆய்வு பண்ணினதும் அந்த வாரியம்தான். அதுக்குத் தலைவர் யாரு? ஷூஸ்மித்தேதான். தன் துறை மேல தானே தலைமை தாங்கி ஆய்வு. அன்னைக்கு இருந்த விதி அதை அனுமதிச்சுச்சு, பல கவுன்சில்ல அப்படித்தான் இருந்துச்சு. அந்த ஆய்வறிக்கையை ஆஃப்ஸ்டெட் "போதாது"ன்னு தள்ளிட்டு, வெளி ஆள் தலைமையில ரெண்டாவது ஒண்ணு எழுத வெச்சாங்க, ரெண்டையும் முழுசா வெளியிட்டது 2010 அக்டோபர்ல. சம்பந்தப்பட்ட டைரக்டரே வாரியத் தலைவரா இருக்கக் கூடாதுங்கறதை நாடு முழுக்க உறைக்க வெச்சது இந்த ஒரு கேஸ்தான்.

மந்திரிகள். 2007 பிப்ரவரில, அதாவது பையன் உயிரோட இருக்கப்பவே, ஹாரிங்கேல வேலை பாத்த ஒரு சோஷியல் ஒர்க்கர் சார்பா வக்கீல் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியிருக்காரு, இங்க குழந்தைப் பாதுகாப்பு சரியில்ல, விசாரிங்கன்னு. கடிதம் ஒரு துறைல இருந்து இன்னொரு துறைக்குப் போய், இதை ஆய்வு அமைப்புகிட்ட சொல்லுங்கன்னு பதில் வந்துச்சு. அது பீட்டர் பத்தின கடிதம் இல்ல, ஆனா ஆபீஸ் பத்தினது.

கடைசியா கவுன்சிலர்கள். இவங்க நிலைமைல நம்மளை வெச்சுப் பாருங்க. நீங்க பகுதி நேர கவுன்சிலர், பகல்ல வேற வேலை, சாயங்காலம் ஏழு மணிக்கு கமிட்டி, கைல தடிமனா ஒரு ரிப்போர்ட் கட்டு. அதுல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர். ஸ்கூல் ரிசல்ட் ஏறியிருக்கு, மதிப்பீடு நாள் கணக்குல முடிஞ்சிருக்கு, வெளில இருந்து வந்த ஆஃப்ஸ்டெட்டே "நல்லது"ன்னு எழுதிட்டாங்க. நீங்க எந்திரிச்சு என்னத்தைக் கேப்பீங்க? கேக்கத் தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கலாம்: ஒரு சோஷியல் ஒர்க்கர் கைல எத்தனை குழந்தை, எத்தனை பேர் ஏஜென்சில இருந்து வந்த தற்காலிக ஆளு, போன மாசம் யாராவது ஒரு ஃபைலை எடுத்து முழுசா படிச்சீங்களா. இதெல்லாம் கலர்ல வராது, கேட்டாத்தான் வரும். ஏற்கனவே ஒரு குழந்தையைப் பறிகொடுத்து 108 பரிந்துரை வாங்கின கவுன்சில் இது, இந்த ஒரு கேள்வியாவது அங்க வழக்கமாயிருக்க வேண்டாமா?

அப்புறம் நடந்தது தெரிஞ்சதுதான். 2008 நவம்பர் 11, பீட்டர் கேஸ்ல தீர்ப்பு. மறுநாள் பார்லிமென்ட்ல பிரதமர் பிரவுனும் எதிர்க்கட்சித் தலைவர் கேமரூனும் சண்டை. சன் பத்திரிகை கையெழுத்து வேட்டை ஆரம்பிச்சு 10 லட்சத்தைத் தாண்டுச்சு. சோஷியல் ஒர்க்கர், டாக்டர் ஃபோட்டோ எல்லாம் முதல் பக்கத்துல. கொன்னவங்களை விட காப்பாத்தாம விட்டவங்க மேல கோபம் அதிகமா திரும்புச்சு, ஒரு காரணம் கோர்ட் தடையால பையனோட அம்மா பேரையும் அவங்க காதலன் பேரையும் அப்ப போட முடியல, பேர் போடக்கூடிய ஆளு இவங்கதான். மந்திரி எட் பால்ஸ் அவசர ஆய்வு கேட்டாரு, ஆஃப்ஸ்டெட்டும் வேற ரெண்டு அமைப்பும் சில வாரத்துல முடிச்சுக் கொடுத்தாங்க, போன வருஷம் "நல்லது" வாங்கின அதே துறை இப்ப படுமோசம். டிசம்பர் 1ஆம் தேதி டிவி நேரலைல ஷூஸ்மித்தை அந்தப் பதவில இருந்து எடுக்கறதா பால்ஸ் அறிவிச்சாரு. கவுன்சில் லீடர் ஜார்ஜ் மீஹனும் பொறுப்பு கவுன்சிலர் லிஸ் சான்ட்ரியும் அன்னைக்கே ராஜினாமா. ஒரு வாரத்துல கவுன்சில் ஷூஸ்மித்தை இழப்பீடு எதுவும் இல்லாம டிஸ்மிஸ் பண்ணுச்சு.

மந்திரி எந்த அதிகாரத்தை வெச்சு அதைப் பண்ணாருன்னு தேடிப் பாத்தா, 1996 கல்விச் சட்டத்தோட 497ஏ பிரிவு. பள்ளிக்கூடங்களை சரியா நடத்தாத கவுன்சில்ல மந்திரி தலையிடறதுக்காக இருந்த பிரிவு, அதை 2004 சட்டம் வழியா குழந்தைப் பாதுகாப்புக்கும் நீட்டியிருந்தாங்க. வேலையை விட்டு எடுக்கற சட்டம் கூட பள்ளிக்கூட சட்டம்தான்.

அந்த நவம்பர்ல நடந்த இன்னொண்ணையும் சொல்லணும், அதிகமா யாரும் ஞாபகம் வெச்சுக்காதது. ஹாரிங்கேல இருக்க 60க்கும் மேற்பட்ட தலைமையாசிரியர்கள் சேர்ந்து ஷூஸ்மித்தை ஆதரிச்சு கடிதம் எழுதினாங்க, இவங்களை இழந்தா நம்ம பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம்ங்கற மாதிரி. பத்திரிகைகள் அதை கேலியா பாத்துச்சு. எனக்கு என்னவோ அந்தக் கடிதம் பொய்னு தோணல. அவங்க பாத்த ஷூஸ்மித் உண்மை. பள்ளிக்கூட வாசலுக்கு உள்ள இருந்து பாத்தா ஹாரிங்கே நிஜமாவே "நல்லது"தான்.

ஷூஸ்மித் கோர்ட்டுக்குப் போனாங்க. 2010ல ஹைகோர்ட்ல தோல்வி, 2011 மே மாசம் அப்பீல்ல ஜெயிச்சாங்க. தன் பக்கம் என்னன்னு சொல்ல ஒரு வாய்ப்பு கூட கொடுக்காம எடுத்தது சட்டப்படி செல்லாதுன்னு தீர்ப்பு. பொறுப்புடைமைங்கறதும் தலை உருளணும்ங்கறதும் ஒண்ணு இல்லன்னு நீதிபதி மாரிஸ் கே எழுதின வரியை இன்னைக்கும் அங்க கவுன்சில் வட்டாரத்துல எடுத்துச் சொல்லுவாங்க. கடைசில ஹாரிங்கே கொடுத்த தொகை 6,79,452 பவுண்ட். அது அந்த பரோ மக்களோட வரிப்பணம், பால்ஸ் பாக்கெட்டு இல்ல.

இந்த ஒரு தலை உருண்டதுக்கு நாடு முழுக்க என்ன விளைவுன்னா, எல்லா கவுன்சிலும் பயந்துருச்சு. குழந்தையைப் பெற்றோர்கிட்ட இருந்து பிரிக்கக் கோரி கோர்ட்டுக்குப் போற மனு 2008-09ல 6,500 பக்கம் இருந்தது, 2012-13ல 11,000ஐத் தாண்டிருச்சு. அதுல எத்தனை தேவையானது, எத்தனை "நாளைக்கு நம்ம ஃபோட்டோ பேப்பர்ல வந்துறக் கூடாது"ன்னு போட்டது, யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் பேராசிரியர் ஐலீன் மன்ரோ 2011ல கொடுத்த அறிக்கைல பச்சையா சொன்னாங்க, நீங்க சோஷியல் ஒர்க்கரை கெடுவுக்கும் ஃபாரத்துக்கும் வேலை செய்ய வெச்சுட்டீங்க, குழந்தைகூட உட்கார்ந்து பேச நேரம் கொடுக்கலன்னு. அதுக்கப்புறம்தான் அந்த 7 நாள், 35 நாள் கணக்கெல்லாம் தளர்ந்துச்சு.

நம்மாளுங்க லண்டன்ல வீடு தேடறப்ப முதல்ல பாத்துட்டு இருந்தது என்ன? பக்கத்துல இருக்க ஸ்கூலோட ஆஃப்ஸ்டெட் கிரேடு. அதுக்கேத்த மாதிரி வாடகையும் ஏறுச்சு. பள்ளிக்கூடங்களுக்கு அந்த ஒத்தை வார்த்தை கிரேடு கொடுக்கறதை 2024 செப்டம்பர்ல நிறுத்திட்டாங்க, பல பெற்றோருக்கு வருத்தம். கவுன்சிலோட குழந்தைகள் சேவை கிரேடு என்னன்னு பாத்துட்டு வீடு எடுத்த ஒருத்தரை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. அந்த சேவை தேவைப்படற குடும்பம் வீட்டைத் தேர்ந்தெடுக்கற நிலைமைலயும் இருக்காது.

இதுக்கு நடுவுல 2010க்கு அப்புறம் பள்ளிக்கூடங்கள் வரிசையா அகாடமி, அதாவது கவுன்சிலுக்குக் கட்டுப்படாத பள்ளி ஆகி, அதோட கைய விட்டுப் போக ஆரம்பிச்சுது, பணமும் நேரா டெல்லில இருந்து... மன்னிக்கணும், நம்ம ஊர் ஞாபகம், லண்டன் மத்திய அரசுல இருந்து வரும். ஆனா ஏரியால எந்தக் குழந்தை பள்ளிக்கூடத்துக்கு வராம இருக்குன்னு கண்டுபிடிக்கற கடமை, 2007 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த, அதே 1996 கல்விச் சட்டத்தோட 436ஏ பிரிவு, அது இன்னும் கவுன்சில் தலைலதான். பள்ளிக்கூடம் கைல இல்ல, பள்ளிக்கூடத்துல இல்லாத பிள்ளை மட்டும் கைல.

2023 மார்ச்ல, லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே கவுன்டில, 10 வயசு சாரா ஷரீஃப் முகத்துல காயத்தைப் பாத்த பள்ளிக்கூடம் கவுன்சிலுக்குத் தகவல் கொடுத்துச்சு. கவுன்சில் விசாரிச்சு சில நாள்ல கேஸை மூடிருச்சு. அடுத்த மாசம் இனிமே வீட்டுலயே படிக்க வைக்கறோம்னு சொல்லி அந்தப் பொண்ணை பள்ளிக்கூடத்துல இருந்து எடுத்துட்டாங்க, அப்ப இருந்த சட்டப்படி அதுக்கு அனுமதி கூட கேக்க வேண்டியதில்ல. ஆகஸ்ட்ல கொலை. 2024 டிசம்பர்ல அப்பாவுக்கும் சித்திக்கும் தண்டனை கிடைச்ச அதே மாசம், பள்ளிக்கூடத்துல இல்லாத எல்லாக் குழந்தைக்கும் ஒவ்வொரு கவுன்சிலும் கட்டாயமா ஒரு பதிவேடு வெக்கணும்னு மசோதா பார்லிமென்டுக்கு வந்துச்சு. அன்னான்னு வேற பேர்ல, இங்கிலாந்துல ஒரு வகுப்புலயும் உட்காராம விக்டோரியா செத்து அப்போ கிட்டத்தட்ட 24 வருஷம் 10 மாசம் ஆகியிருந்துச்சு.